கடைசிக் கைத் தண்ணீர்

அப்பா தவறிய பிறகு வந்த முதல் ஆடி அமாவாசை அது. நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டரில். விசா சிக்கலில் மாட்டிக்கொண்டு, அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. கொள்ளி போட்டது சித்தப்பா மகன். எள்ளும் தண்ணீருமாவது என் கையால், கடலில் நின்று இறைத்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஆனால் எனக்குக் கூச்சம் ஜாஸ்தி. கூட்டமான பீச்சில் தொப்பையும் வேட்டியுமாக நின்றால் நாலு பேர் போனில் படம் பிடிப்பார்கள். ஆபீஸில் கூட வேலை பார்க்கும் அமெரிக்க நண்பரிடம், ஆள் நடமாட்டம் இல்லாத கடற்கரை ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஒரு குட்டித் தீவைச் சொல்லி, அங்கே யாரும் உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்றார்.

காலை முதல் படகில் நானும் மனைவியும் போய் இறங்கினோம். தீவு முழுக்கப் பனி மூட்டம். கடல் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. மணல்மேட்டைத் தாண்டிப் பாதை முடிகிற இடத்தில் ஒரு பலகை. இதற்கு மேல் உடையில்லாதவர்களைப் பார்க்க நேரலாம் என்று போட்டிருந்தது. பனி லேசாக விலகியதும் நேர்ந்தேவிட்டது. அங்கொருவர் இங்கொருவராக, பெரும்பாலும் வயதானவர்கள், பிறந்த மேனியாக உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நிமிஷம் பனி மறுபடி மூடிக்கொண்டது. கனவில் வந்துபோன மாதிரி இருந்தது.

"ஏங்க, மாமாவுக்குச் செய்யுற இடமா இது?" என்றாள் மனைவி.

திரும்பிவிடலாம் என்றால் அடுத்த படகு மத்தியானம்தான். அதற்குள் தர்ப்பணம் செய்கிற நேரம் போய்விடும். இந்த அமாவாசையை விட்டுவிட்டால் எனக்கு மனசே ஆறாது. "அவங்க பாட்டுக்கு அவங்க, நாம பாட்டுக்கு நாம. நீ வா" என்றேன்.

வேட்டியைக் கட்டிக்கொண்டேன். எங்கள் ஊர் ஐயர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்ததை மனைவி போனில் ஓடவிட்டாள். எடுத்த எடுப்பிலேயே, "சட்டையக் கழட்டிடுங்க" என்றார் ஐயர். உடம்பில் ஒட்டுத்துணி இல்லாதவர்கள் நடுவில், சட்டைப் பட்டனைக் கழற்ற நான் வெட்கப்பட்டேன் பாருங்கள், இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

முழங்கால் தண்ணீரில் நின்று அப்பா பெயரைச் சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து ஓர் அலை என்னை இடித்துத் தள்ளியது. கையில் இருந்த செம்பு போய்விட்டது. அப்பா தினமும் தண்ணீர் குடித்த செம்பு, ஊரிலிருந்து வரவழைத்தது. அவருடையது என்று சொல்லிக்கொள்ள என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். குனிந்து தடவித் தடவிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

பக்கத்தில் பனிக்குள் யாரோ முங்கி எழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் செம்போடு எழுந்தார். அவர் நேரே என்னிடம் வரவில்லை. கரையேறிப் போய், தன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அப்புறம்தான் வந்து இரண்டு கையாலும் செம்பை நீட்டினார். நாங்கள் என்ன செய்கிறோம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. துண்டோடு அவரும் வேட்டியோடு நானும் ராமேஸ்வரத்தில் நிற்கிற மாதிரி இருந்தது என்று மனைவி பிறகு சொன்னாள்.

யாருக்காக என்று கேட்டார். அப்பாவுக்கு என்றேன். அவர் போகாமல் பக்கத்திலேயே நின்றார். எல்லாம் முடிகிற சமயம், இன்னும் ஒரு கை தண்ணீர் விடச் சொன்னது ஐயர் குரல். விட்டேன். இது யாருக்கு என்றார் பெரியவர். தங்களுக்கென்று தண்ணீர் இறைக்க யாருமே இல்லாமல் போனவர்களுக்கு என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன்.

"அப்படியானால் ஒரு நாள் அதில் எனக்கும் கொஞ்சம் வரும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கையை ஆட்டிவிட்டுப் பனிக்குள் நடந்து போய்விட்டார். நான் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போதும் ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் அப்பாவுக்கு இறைத்து முடித்து அந்தக் கடைசிக் கைத் தண்ணீரை எடுக்கும்போது, அது அந்தப் பெரியவருக்கு இன்னும் தேவைப்பட்டிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் விடுகிறேன்.