அண்ணி நடந்த ஃபேஷன் ஷோ

போன சனிக்கிழமை மாலை என் அண்ணி ஃபேஷன் ஷோவில் நடந்தார். ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள்.

அண்ணி வசந்தா, மலாக்காவில் ரெம்பியா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பால் எடுத்தவர். தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். இப்போது தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில், துணி வெளுக்கும் பிரிவில் வேலை.

அந்த ஹோட்டலும் சில கடைக்காரர்களும் சேர்ந்து, மலாக்கா ஆற்றோரப் பழைய தெருவில் நடத்திய நிகழ்ச்சி அது. காலையில் பஸ்ஸில் வந்து, கோட்டையைப் படம் பிடித்து, மாலையில் ஓடிவிடுகிற சுற்றுப்பயணிகள் ஓர் இரவாவது தங்க வேண்டுமாம். அதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், பழையதை இடிக்க வேண்டாம்; ஊரில் இருக்கிற உடையையும் ஆட்களையும் காட்டினாலே போதும் என்றார் ஏற்பாட்டாளர் மிஸ் லிம். நல்ல யோசனைதானே? நானும் தலையாட்டினேன்.

அண்ணி தன் கல்யாணப் பட்டுச்சேலையை ஆசையாக எடுத்துப் போனார். அங்கே அவருக்காக எடுத்து வைத்திருந்தது... பழைய கைலி, முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு, ஒரு பால் வாளி! சேலையை எங்கேயும் பார்க்கலாம், இதை வெளிநாட்டுக்காரர்கள் பார்த்ததே இல்லை என்று மிஸ் லிம் பணிவாகத்தான் சொன்னார். கோபப்படவும் வழியில்லை.

அண்ணி என்னைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

“தோட்டத்துல கடைசி நாளு இந்த மாதிரிச் சட்டையக் கழட்டுனப்ப, இனிமே தொடவே மாட்டேன்னு நெனச்சேன் தம்பி. இப்ப போடவா, வேணாமா?”

வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு யோசனை சொல்கிறவன் நான். இது மரியாதையா, வேடிக்கையா? எனக்கே தெரியாதபோது என்ன சொல்வது?

அண்ணி வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு, மிஸ் லிம்மிடம் மலாயில் பேசினார். இரண்டு தடவை நடப்பேன் – முதலில் இது, அப்புறம் என் சேலை. மிஸ் லிம் ஒத்துக்கொண்டார்.

முதல் தடவை, சொல்லிக்கொடுத்த நடையே இல்லை. மரத்துக்கு மரம் ஓடுகிற அதே விறுவிறுப்பு. கேமராக்கள் மின்னின. எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இரண்டாவது தடவை பட்டுச்சேலை... பாதிப் பேர் ஃபிலிம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். சிலர் இறைச்சி சுடுகிற சாத்தே கடைப் பக்கம் போய்விட்டார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அண்ணன் மட்டும் விடாமல் தட்டினார். லாரி ஓட்டுகிற கை – சத்தம் கொஞ்சம் பெரிதுதான்.

அன்றைக்குத் தெருவில் நல்ல வியாபாரம். சில பயணிகள் தங்கியும் விட்டார்கள். இனி மாதாமாதம் நடத்தப் போகிறார்களாம். இருப்பதைக் காப்பாற்றும் திட்டம் என்கிறார்கள். தோட்டத்தில் புல்டோசர் ஓடுகிறது. அங்கே உடுத்திய உடுப்பு மட்டும் மேடையில் பத்திரமாக இருக்கிறது. சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா?

வீடு திரும்பும்போது, மறுபடியும் போவீர்களா என்று அண்ணியிடம் கேட்டேன்.

“போவேன் தம்பி. அப்ப மரம் வெட்டுனப்ப யாரு திரும்பிப் பாத்தா? இப்பவாச்சும் பாக்கட்டும்லா.” கூடவே சொன்னார்: “ஆனா சேலைக்கும் கைதட்டச் சொல்லணும்.”



அடுத்த மாதத்துக்கு எனக்கு முன்வரிசையில் இடமாம். எப்போது கைதட்டுவது என்று மட்டும் யாராவது சொல்லுங்களேன்...