கோமாளிகள் பயந்த விதம்

சிரிப்புப் படம் பார்த்து நான் சிரித்ததைவிடப் பயந்ததுதான் அதிகம். சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஐம்பதுகளின் நடுவில், நர்ஸ் படிப்பு முடித்த கையோடு, செங்கல்பட்டில் சுகாதாரப் பிரசார வண்டியில் எனக்கு வேலை கிடைத்தது. இருபத்திரண்டு வயது. வண்டியில் மூன்று பேர் போவோம். டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் ‘பாய்’. முகத்தில் சந்தோஷமோ கோபமோ எதுவும் தெரியாது. படம் ஓட்டும் ஆபரேட்டர் அவரைவிடப் பத்து வயது இளையவர். வாய் ஓயாது. மூன்றாவது ஆள் நான்.

கொசுவைப் பற்றியும் கொதிக்க வைத்த தண்ணீரைப் பற்றியும் மட்டும் படம் காட்டினால் யார் வந்து உட்காருவார்கள்? கூட்டம் சேர்க்க எங்களிடம் நாலு பழைய இங்கிலீஷ் சிரிப்புப் படச் சுருள்கள் இருந்தன. மூன்று ஊமைப்படம், ஒன்று பேசும் படம். அவை ஓடும்போது மைக்கைப் பிடித்துக் கதையைத் தமிழில் சொல்வது என் வேலை. ஒவ்வொரு ஊரிலும் மைக்கைத் தொடும்போது எனக்குப் பயம் வந்துவிடும். பயம் குரலில் தெரிந்துவிடக் கூடாதென்று வேகவேகமாகப் பேசுவேன். படத்தைவிட நான் முன்னால் ஓடிவிடுவேன்.

நடிகர்களின் பெயர் எங்களுக்குத் தேவைப்படவில்லை, நாங்களே வைத்துக்கொண்டோம். முதல் சுருளில் வருபவர் கந்தல்காரர். போலீசைக் கண்டால் ஓடுவார், ஆனால் ஓடுகிற ஓட்டத்திலேயே திரும்பி ஓர் உதையும் கொடுப்பார். இரண்டாவது கல்மூஞ்சிக்காரர். எருமை துரத்தினாலும் கூரை பற்றிக்கொண்டாலும் அவர் முகத்தில் ஒரு கோடு அசையாது. மூன்றாவது கண்ணாடிக்காரர். ஆபீஸ் குமாஸ்தா மாதிரி இருப்பார். ஏணியில் ஏறச் சொன்னால் ஏறிவிட்டு, உச்சியில் நின்று நடுங்குவார். பேசும் படத்தில் ஒரு குண்டரும் ஓர் ஒல்லியும் வருவார்கள். என்ன ஆபத்து வந்தாலும் அதை விட்டுவிட்டு, யாரால் வந்தது என்று சண்டை போடுவார்கள்.

ஊமைப்படத்தில் ஒருவர் விழுந்தால் பஞ்சு விழுந்த மாதிரி இருக்கும். பேசும் படத்தில் விழும்போது ‘தொம்’ என்று சத்தம் கேட்கும். சத்தம் வந்த பிறகு அவர்களுக்கு வலிக்கத் தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றும். அந்தச் சுருள் ஓடும்போது நான் தரையைப் பார்த்துக்கொள்வேன்.

வண்டியில் போகும்போதெல்லாம் பாய்க்கும் ஆபரேட்டருக்கும் இதே வழக்குதான்.

“கல்மூஞ்சிக்காரன்தான் ராஜா,” என்பார் பாய். “மத்தவன்லாம் மூஞ்சியக் கோணிக்கினு ‘சிரிங்க, சிரிங்க’ன்னு கேக்கறான். இவன் கேக்கறதே இல்ல.”

“போ பாய். மூஞ்சில ஒண்ணும் இல்லன்னா அது மரக்கட்ட. நம்ம கந்தல் ஆளு சிரிக்கவும் வெப்பான், அழவும் வெப்பான். நர்சம்மா, நீ இன்னா சொல்றே?”

கண்ணாடிக்காரரைப் பார்க்கவே எனக்குப் பயம் என்றேன். அவர் பயப்படுவது நடிப்பு மாதிரியே இல்லை, எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். ஆபரேட்டர் சிரித்தார். உண்மையில், மைக் முன்னால் நிற்கும் நான் அவரைப் போலத்தான் இருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

ஒரு ஐப்பசியில் சதுரங்கப்பட்டினத்தில், இடிந்த கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் திரை கட்டினோம். கந்தல்காரர் படகிலிருந்து தலைகுப்புறத் தண்ணீரில் விழும் இடம் வந்தது. செங்கல்பட்டில் அந்த இடத்தில் ஜனங்கள் தரையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார்கள். இங்கே ஒரு சத்தமும் இல்லை. படம் நின்றுவிட்டதோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு மீனவர், “தண்ணில வுழுந்தா இன்னா சிரிப்பு கீது?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் மைக்கைப் பிடித்து அடுத்த காட்சியைச் சொல்லத் தொடங்கினேன்.

மறுநாள் காலையில் ஒரு கடிதத்தோடு ஆள் வந்தது. ஊரை ஒட்டி ஓடும் கால்வாய்க்கு அந்தப் பக்கம், மணல்திட்டில் இருந்த ஒரு சின்னக் குப்பத்தில் வாந்திபேதி. இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். அரசு டாக்டர் ஒருவர் முந்தின நாளே அங்கே போயிருக்கிறார். தடுப்பூசி என்றதும் ஜனங்கள் ஓடுகிறார்களாம். படம் காட்டினால் ஒரே இடத்தில் கூடுவார்கள், மெஷினோடு வாருங்கள் என்று எழுதியிருந்தார்.

வண்டி போக வழியில்லை, படகுதான். மேற்கே இரண்டு நாளாக நல்ல மழை. கால்வாய்த் தண்ணீர் காவி நிறத்தில் கரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டரைப் படகின் நடுவில் வைத்தார்கள். ஆபரேட்டர் புரொஜெக்டர் பெட்டியை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டார். எனக்கு நீச்சல் தெரியாது. மருந்துப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பாதி தூரம் போயிருப்போம். படகுக்காரர் ஊன்றிய கழி சேற்றில் மாட்டிக்கொண்டது. படகு நகர்ந்துவிட்டது, கழி அங்கேயே நின்றுவிட்டது. வெறுங்கையோடு நின்ற அவர் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

படகு பக்கவாட்டில் திரும்பித் தெற்கே இழுபட ஆரம்பித்தது. அந்தப் பக்கம் முகத்துவாரம். மழைத் தண்ணீர் மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும் இடம். வெள்ளையாக அலை எழும்பி விழுவது தெரிந்தது, சத்தம் பிறகு வந்தது. படகுக்காரர் குப்புறப் படுத்துக் கையால் துழாவினார். “அசையாதீங்கோ! யாரும் எழுந்துக்காதீங்கோ!” என்று கத்தினார்.

ஆபரேட்டர் சிரிக்க ஆரம்பித்தார். பெட்டியைக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, கெக்கெக்கென்று சிரித்தார். நிறுத்த முடியவில்லை. பாய் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஏதோ டீக்கடையில் டீக்குக் காத்திருப்பவர் போல. இந்த மனிதருக்குப் பயமே இல்லையா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

நான் கத்தினேன். அப்படியொரு கத்தல் எனக்குள் இருந்தது அன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா என்றோ சாமி என்றோ கூப்பிடவில்லை, வெறும் கத்தல். மூச்சு தீரும், இழுத்துக்கொண்டு மறுபடி கத்துவேன். வெட்கம், நர்ஸ் உத்தியோகம், எதுவும் ஞாபகத்தில் இல்லை.

ஓர் அலை படகைத் தூக்கியது. ஜெனரேட்டர் சரிந்து ஓரப்பலகையை உடைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போயிற்று. படகு ஒரு பக்கம் எழும்பி, தண்ணீர் குடித்து, ஆனால் கவிழாமல் நின்றது. பாரம் குறைந்ததால்தான் பிழைத்தோம் என்று படகுக்காரர் பிறகு சொன்னார். அப்போது என் இடுப்பு வரை தண்ணீர். மருந்துப் பையைத் தலைக்கு மேல் தூக்கியபடி கத்திக்கொண்டே இருந்தேன்.

மணல்மேட்டுக்கு அப்பால் வலை இழுத்துக்கொண்டிருந்த குப்பத்துக்காரர்களுக்கு என் குரல் கேட்டிருக்கிறது. நாலு பேர் ஓடி வந்து கட்டுமரத்தைத் தள்ளினார்கள். கயிறு வந்து என் தோளில் விழுந்தது. அதைப் பிடித்தது நானில்லை, பாய். கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். கரைக்குப் போய்ச் சேரும்போது அவர் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

மணலில் உட்கார்ந்திருந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்: “எனக்கும் நீச்ச தெரியாதும்மா. பயம் வந்தா எனக்கு மூஞ்சி மரத்துப் பூடும். சின்ன வயசுலேந்து அப்டித்தான். என் கை பாரு.” இரண்டு கையும் தட்டச்சு அடிப்பதுபோல் உதறிக்கொண்டிருந்தன.

ஆபரேட்டர் சிரிப்பு நின்று, பெட்டிமேல் தலையை வைத்து விம்மிக்கொண்டிருந்தார். பாய் அவர் முதுகைத் தடவினார். அன்றைக்கு யாரும் யாரையும் கேலி செய்யவில்லை.

குப்பத்தில் மெஷின் இருந்தும் கரண்ட் இல்லை, படம் இல்லை. கயிறு வீசியவரின் மனைவி என்னைத் தன் குடிசைக்கு அழைத்துப்போய்த் தன் புடவையைக் கொடுத்து, கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி ஊற்றினாள். இறந்த இரண்டு பேரில் ஒருவர் அவள் மாமியார். குடிசையில் இன்னும் சாம்பிராணி வாசனை இருந்தது.

“அம்மாந்தூரம் கத்துனது நீதானா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். வெட்கமாக இருந்தது.

“நீ தண்ணிக்குப் பயந்தே. நான் ஊசிக்குப் பயந்துகினு கீறேன். டாக்டரு வந்தா ஓடிப் பூட்றேன்.”

ஊசி எனக்கும் பயம்தான், படிக்கும்போது முதலில் போட்டுக்கொண்ட அன்று மயங்கி விழுந்தேன் என்று சொன்னேன். அது நிஜம். “நெசமாவா?” என்றாள். பிறகு கையை நீட்டினாள். “போடு. நானும் கத்துவேன். நீ சிரிக்கக் கூடாது.”

கத்தினாள். எட்டுக் குடிசைக்குக் கேட்டிருக்கும். நான் சிரிக்கவில்லை. வெளியில் பெண்கள் கூடிவிட்டார்கள். அவள் உயிரோடு எழுந்து நடப்பதைப் பார்த்து ஒருத்தி உள்ளே வந்தாள், பிறகு அப்படி வந்தவளின் தங்கை. பொழுது சாய்வதற்குள் டாக்டரும் நானும் குப்பத்தில் முக்கால்வாசிப் பேருக்குப் போட்டுவிட்டோம். அதற்குப் பிறகு அங்கே இன்னும் ஒரு குழந்தை இறந்தது. அதோடு நின்றது.

ஜெனரேட்டர் போனதற்கு ஆபீசில் விளக்கம் கேட்டார்கள். மூன்று பேரும் நடந்ததை எழுதிக் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். ஆபரேட்டர் ஊர் ஊராகப் போகும் வேலையே வேண்டாம் என்று சொல்லி, மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கண்ணாடிக்காரரைப் பற்றி என் எண்ணம் மாறியது அதற்குப் பிறகுதான். கந்தல்காரர் பயத்தை உதைத்துவிட்டு ஓடுகிறார். கல்மூஞ்சிக்காரர் பயத்தை வெளியே விடாமல் பூட்டிவைக்கிறார். குண்டரும் ஒல்லியும் பயத்தை ஒருவர் தலையில் ஒருவர் கட்டுகிறார்கள். கண்ணாடிக்காரர் மட்டும்தான், ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று நம் எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொள்கிறார். அப்படியும் ஏணியை விட்டு அவர் இறங்குவதில்லை.

பத்து நாள் கழித்து, அன்றைக்கு விட்டுப்போனவர்களுக்கு ஊசி போட அதே குப்பத்துக்குப் போகவேண்டி வந்தது. தண்ணீர் வடிந்திருந்தது. அதே படகுக்காரர், புதுக் கழி. நான் கரையில் நின்றேன். ஏறவில்லை.

“கத்தணும்னா கத்திக்கினே வாம்மா,” என்றார் அவர். “எனக்கு ஒண்ணும் பேஜாரு இல்ல.”

பாய் முதலில் ஏறி உட்கார்ந்து, முகத்தில் எதுவும் இல்லாமல், கட்டுப்போட்ட கையை என் பக்கம் நீட்டினார். பிடித்துக்கொண்டு ஏறினேன். அக்கரை சேரும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை.