கரிச்சான் கதையின் கடைசித் தாள்

காலை ஒன்பது பத்துக்கு, ஆசிரியர் மேஜைமேல் கிடந்த கதைப் புத்தகத்தின் முதுகிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பு நூல் தொங்குவதைப் பார்த்தேன். அன்று பள்ளி ஆண்டு விழா. வகுப்பில் வேறு யாரும் இல்லை.

அந்தக் கதையை என் வகுப்புத் தோழி வளர்மதியும் நானும் பேசிப் பேசிச் சேர்த்தோம், எழுதியது நான். அவளுடைய அப்பா மங்கலம் சாலையில் வைத்திருந்த பனியன் கம்பெனியில் என் அம்மா "செக்கிங்" வேலை பார்த்ததால், பள்ளி விட்டதும் இருவரும் "கட்டிங் டேபிள்" அடியில் உட்கார்ந்து, துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் வரைந்து கழித்த பழுப்புத் தாள்களின் பின்பக்கத்தை நிரப்பினோம். கதையில் வேலி ஓணானும் கம்பிமேல் உட்காரும் கரிச்சான் குருவியும் சிநேகிதர்கள். குஞ்சுகளுக்கென்று கரிச்சான் பிடித்து வைத்த ஈசல்களை ஓணான் தின்றுவிடுகிறது. பிறகு நடப்பதைக் கடைசித் தாளில் நான் தனியாக எழுதினேன். அதை விழா மேடையிலேயே முதல்முறையாகப் படித்துக்கொள்கிறேன் என்றாள் வளர்மதி.

டெய்லர் ஒருவர் தாள்களைப் பனியன் தைக்கும் "ஃப்ளாட்லாக்" மிஷினில் ஓட்டிப் புத்தகமாக்கித் தந்தார். விழாவுக்கு முந்தின மாலை அட்டையில் வளர்மதியின் பெயர் மட்டும் ஏறியிருந்தது. என் பெயர் எங்கே என்று கேட்டேன். அவளுடைய அப்பா சிரித்தார்.

"பேப்பரு நம்முளுது, நூலு நம்முளுது, அப்பறம் பேரு யாருதுங் கண்ணு?"

வளர்மதி பேனாவை மூடினாள். வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவீங்க கம்பெனில வேல செய்யறம் கண்ணு. நாளைக்கு அவ படிக்கறப்ப நல்லாக் கைதட்டோணும்."

ஃப்ளாட்லாக் தையலைத் தொடங்கிய பக்கம் இழுத்தால் இறுகும். முடித்த பக்கம் இழுத்தால் முழுவதும் உருவிக்கொண்டு வரும். பழுதான பனியன்களை அம்மா பிரிப்பதைப் பார்த்துப் பழகிய எனக்கு எந்தப் பக்கம் என்று தெரியும். தொங்கிய சிவப்பு நூலை இழுத்தேன். கடைசித் தாளை மடித்துப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு, மற்றதை ஒழுங்காக அடுக்கி வைத்தேன்.

மேடையில் வளர்மதி பிரித்ததும் புத்தகம் கலைந்து விழுந்தது. பொறுக்கி, வரிசைப்படுத்தி, ஈசல் வரை படித்துவிட்டு நின்றாள். "அப்பறம் என்னாச்சு கண்ணு?" என்று தலைமையாசிரியை கேட்டார். மூன்றாம் வரிசையில் என்னைத் தேடிப் பார்த்தாள். நான் நன்றாகக் கைதட்டினேன்.

இப்போது ஒரு நாளிதழின் சிறுவர் பகுதிக்கு வரும் கதைகளைத் தேர்ந்தெடுக்கிறேன். நட்புக் கதைகளில் பெரும்பாலும் தவறு ஒரு பக்கத்துக்கும் மன்னிப்பு அரை வரிக்கும் வருகிறது. அவற்றைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஏமாந்தவனுக்குக் கோபப்பட நாலு வரியாவது தராத நட்பு, கதையில்கூட நட்பில்லை.

கம்பெனியை இன்று வளர்மதி நடத்துகிறாள். பேட்டர்னைக் கம்ப்யூட்டர் வரைகிறது. பழுப்புத் தாளும் அந்த மேஜையும் இல்லை. போன மாதம் போனில் கேட்டாள்: "ஏம்புள்ள, அந்தக் கரிச்சான் கதைல கடைசீல என்னதான் ஆச்சு? எம்பேத்திக்குச் சொல்லோணும்."

மறந்துவிட்டது என்றேன்.

அந்தத் தாள் என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. அதில் கரிச்சான் ஓணானை மன்னித்துவிடுகிறது.