சாம்பல் தடம்

பெரிய காஞ்சிபுரத்தில் மழைக்கு ஒரு நெசவாளர் வீட்டில் ஒதுங்கியிருக்கிறேன். சரோஜா அக்கா விரலில் சாம்பல் தொட்டுத் தொட்டு, தறியில் பழைய பாவு இழையோடு புது இழையை முறுக்கிப் பிணைக்கிறார். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான்தான் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

"காலேஜுல இன்னாம்மா கத்துக்கினே?" என்கிறார் அவர் கணவர்.

"நீங்க மனசுல நினைக்கிற வார்த்தையைச் சொல்வேன்."

அவர்கள் மகனின் பாடப்புத்தகத்தை இரவல் கேட்கிறேன். புரட்டுகிறவரின் கண் போகும் இடத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிடுவதுதான் விடுதியில் நான் பழகிய வித்தை. ஆனால் அவர் விவரமானவர்.

"நீ செவுத்தப் பாத்து நில்லும்மா. சரோஜா, நீ இதுல ஒரு வார்த்தைய நினைச்சிக்கோ."

சுவரைப் பார்த்துத் திரும்புகிறேன்; இனி அக்காவின் கண்ணைப் பார்க்க வழியில்லை.

"படிச்ச பொண்ணு மாட்டிக்கினுச்சி பாரு!" என்று கணவர் சிரிக்கிறார்.

மூடிய புத்தகம் என் கைக்கு வருகிறது. யோசிப்பதுபோல் பக்கங்களைத் தள்ளுகிறேன். ஒரு சொல்லுக்கு அடியில் சாம்பல் தடம்.

"குதிரை."

"அதேதான்!" என்கிறார் அக்கா. கணவர் கை நீட்டுவதற்குள் புத்தகத்தை வாங்கி முந்தானையால் துடைக்கிறார்.

மழை விட்டதும் அக்கா வாசல்வரை வருகிறார்.

"நல்லவேளை அக்கா, கையைத் துடைக்காம புத்தகத்தை எடுத்தீங்க."

"தொடைச்சிட்டுதாம்மா எடுத்தேன். இந்தாளு சிரிச்சதும் ஒரு விரல மட்டும் திரும்ப சாம்பல்ல வச்சேன்."

நன்றி சொல்ல வாயெடுக்கிறேன். "போம்மா, பஸ் போயிடும்" என்று தோளில் தட்டுகிறார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும், ரவிக்கையில் பதிந்த அந்தச் சாம்பலை நான் தட்டிவிடவில்லை.