அம்மனிடம் முதலீடு கேட்ட வெள்ளிக்கிழமை

முதலீடு கேட்கப் போகிறவர்கள் எப்படிப் பேச வேண்டும் என்று சென்னையில் எனக்கு மூன்று நாள் வகுப்பெடுத்தார்கள். எதிரே இருப்பவரின் கண்ணைப் பாருங்கள், பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள், கேள்வி கேட்டால் தடுமாறாதீர்கள் என்றார்கள். எதிரே இருப்பது கற்சிலையாக இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றுமா?

என் திட்டம் ரொம்ப எளிமையானது. கல்வராயன் மலையில் சாமை விளைகிறது. மலைக்காரர்கள் அதை உமியோடு மூட்டை கட்டி வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதைக் கீழே கொண்டுபோய் உமி நீக்கி, அரிசியாக்கி, பளபளவென்று பாக்கெட் போட்டு விற்கிறவனுக்குத்தான் லாபமெல்லாம். அந்த உமி நீக்கும் மெஷினைக் கரியாலூரிலேயே வைத்துவிட்டால் என்ன? இந்த ஒரு கேள்விக்காகக் கள்ளக்குறிச்சியில் பார்த்துக்கொண்டிருந்த வங்கி வேலையை விட்டேன். அம்மா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அது எனக்கு ஓய்வாகத்தான் இருந்தது.

தூக்கத்தைக் கெடுத்தது வேறு விஷயம். கரியாலூர்ப் பக்கத்தில் ஒரு பெண்கள் குழு இருந்தது. அதன் தலைவி ஐம்பது வயது அக்கா ஒருவர். என் பேச்சை நம்பி, பத்து வீட்டுச் சாமையை, மொத்தம் நாற்பது மூட்டையை, வியாபாரிக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருந்தார். வியாபாரி கடுப்பாகிவிட்டான். திங்கட்கிழமை ஒரே ஒரு லாரி அனுப்புவேன், அதில் ஏற்றாவிட்டால் அப்புறம் என் பக்கம் வராதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தான். அதற்குள் மில்லுக்குப் பணம் உறுதியானால் மூட்டைகள் மலையிலேயே இருக்கும். ஆகாவிட்டால் அவன் சொல்கிற விலைக்குப் போகும். கோபத்தில் இருக்கிறவன் என்ன விலை சொல்வான் என்று எல்லோருக்கும் தெரியும்.

நைனார்பாளையத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். கரும்பும் மக்காச்சோளமும் போடுகிறவர்கள். ரோட்டுக்கு நிலம் போனதில் கிடைத்த பணத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தார்கள். நானும் அக்காவும் புதன்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனோம். கூடத்துச் சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றிவிட்டு புரொஜெக்டரைப் போட்டேன். பெரியவர் ஒவ்வொரு படத்துக்கும் தலையாட்டினார். நடு அண்ணன் மூன்றாவது படத்திலேயே தூங்கிவிட்டார். சின்னவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"பாக்கெட்டு மேல என் போட்டோ போடுவீங்களா?"

"போடலாங்க."

"கலர்லயா?"

"கலர்லதாங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் நல்லாத்தான் கீது. ஆனா நாங்க எது செஞ்சாலும் ஆத்தாகிட்ட பூ கேக்காம செய்யறதில்ல. போர் போட்டப்ப கேட்டோம். டிராக்டர் வாங்கினப்ப கேட்டோம். வெள்ளிக்கெழம வந்துடும்மா."

பூ கேட்பது எனக்குத் தெரியாததில்லை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். குலதெய்வத்தின் முன்னால் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. சரி, ஐந்து நிமிட வேலை, வந்துவிடுகிறோம் என்றேன். பெரியவர் சொன்னார்:

"வர சொல்ல அந்த படம் காட்ற மெஷினயும் எடுத்துக்கினு வந்துடு. எங்ககிட்ட சொன்ன மாரியே ஆத்தாகிட்டயும் சொல்லு. ஒண்ணு வுடாத சொல்லணும். தெரியாத விஷயத்துக்கு அவ எப்படி முடிவு சொல்லுவா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் அதில் ஒரு தப்பும் இல்லை என்பது போல உட்கார்ந்திருந்தார்.

கோயில் கரும்புக் காட்டு ஓரத்தில், வேப்ப மரத்தடியில் இருந்தது. சின்னக் கோயில். பக்கத்து மோட்டார் கொட்டகையிலிருந்து ஒயர் இழுத்தார்கள். திரை வேண்டுமே? சின்னவர் தன் புது வேட்டியை அவிழ்த்து விரித்து, இரண்டு பக்கமும் ஆள் வைத்துப் பிடிக்கச் சொன்னார். அவர் உள்ளே டவுசர் போட்டிருந்தது அந்த அம்மன் புண்ணியம். மர நிழலில் படம் மங்கலாகத்தான் விழுந்தது. காற்றடிக்கும்போதெல்லாம் வேட்டி உப்பியது. என் லாபக் கோடு மேலே போவதும் கீழே வருவதுமாக இருந்தது.

பேசினேன். வேறென்ன செய்ய? அம்மனின் வெள்ளிக் கண்களைப் பார்த்து, "வணக்கம்" என்று ஆரம்பித்தேன். சந்தை நிலவரம் சொன்னேன். போட்டியாளர்கள் யார் என்று சொன்னேன். மூன்று வருடத்தில் முதல் திரும்பிவிடும் என்று சொல்லும்போது என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது. மனிதர்களிடம் கூசாமல் சொன்ன கணக்கு அது. பூசாரி ஒவ்வொரு படம் முடிந்ததும் மணி அடித்தார்.

யாருக்கு எவ்வளவு பங்கு என்று வட்டமாகப் பிரித்துக் காட்டும் படம் வந்ததும் பூசாரிக்கு உடம்பு உதறியது. சாமி வந்துவிட்டது.

"எனக்கு இன்னாடா குடுப்பே? எனக்கு இன்னாடா?"

பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஆத்தா பங்கு கேக்கறாம்மா. எழுது."

"எவ்வளவுங்க?"

"பத்துல ஒண்ணு போடு."

"உங்க பங்குல இருந்துங்களா?"

"எங்களுத எதுக்குத் தொடுற? ஒன்னுதுல எடு."

மத்தியான வெயிலில், செருப்பில்லாத கால் கொதிக்க, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்த வட்டத்தில் அம்மனுக்கு ஒரு துண்டு வெட்டினேன். என்ன நிறம் போட என்று கேட்டேன். மஞ்சள் என்றார்கள். பூசாரிக்கு உதறல் நின்றது. ஒரு சோடா குடித்தார். வங்கியில் எத்தனையோ கறார்ப் பேர்வழிகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சீக்கிரம் பேரம் முடித்தவர் யாருமில்லை.

பிறகு பூ. நந்தியாவட்டையை ஒரு தாளிலும் சிவப்பு அரளியை ஒரு தாளிலும் மடித்துப் பூசாரி படியில் வைத்தார். எடுக்க வேண்டியவள் பெரியவரின் பேத்தி, நாலு வயது. அவள் நேராகப் போய் இரண்டு பொட்டலத்தையும் இரண்டு கையில் எடுத்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்றாள். இதற்கு என்ன அர்த்தம் என்று அண்ணன் தம்பிகளுக்குள் சண்டை வந்தது. ரெண்டு மில்லு போடச் சொல்கிறாள் என்றார் சின்னவர். கடைசியில் பிடுங்கி, பூசாரி பிரித்துப் பார்த்து மறுபடி மடித்துப் படியில் வைத்தார்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். இதுவரை வீட்டில் கூடச் சொன்னதில்லை. பூசாரி மடிக்கும்போது கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நந்தியாவட்டை இடது பக்கம் போனது. எனக்கு அந்த நாற்பது மூட்டையும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. மெல்ல நகர்ந்து இடது பக்கம் போய் நின்றேன். பையில் ஒரு சாக்லேட் இருந்தது. யாரும் பார்க்காமல் அதை வெளியே எடுத்து, குழந்தைக்கு மட்டும் தெரிகிற மாதிரி பிடித்தேன்.

தங்கமான குழந்தை. நேராக என் பக்கம் வந்தாள், இடது பொட்டலத்தை எடுத்தாள்.

பூசாரி பிரித்தார். அரளி. சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு.

எப்படி மாறியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு குழந்தையின் கையில் லஞ்சம் கொடுத்து என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். பெரியவர் ரொம்ப வருத்தப்பட்டார். "எங்களுக்கு இஷ்டந்தாம்மா. ஆத்தா வேணான்றா, இன்னா பண்றது?" என்றார். சின்னவர் வேட்டியைக் கட்டிக்கொண்டே, போட்டோவுக்காக நேற்றுத்தான் முடி வெட்டினேன் என்றார். எனக்கும் அக்காவுக்கும் பொங்கலும் சுண்டலும் கொடுத்து அனுப்பினார்கள். கோபத்தில் என் சுண்டலைப் பிரிக்காமலே பையில் போட்டுக்கொண்டேன். அம்மன் மேல் கோபம், அண்ணன் தம்பிகள் மேல் கோபம், எல்லாவற்றையும் விட என் மேல் கோபம்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில், அக்காவை மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட உட்கார்ந்திருந்தோம். அக்கா வழி நெடுக ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சாக்லேட் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, நான் ஏமாத்தப் பார்த்தேங்க. அதனாலதான் இப்படி ஆச்சு."

அவர் முதலில் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

"சாமிகிட்டயேவா? அடிப்பாவி!" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத பாப்பா. நீ மொத தடவ வந்துட்டுப் போன மறுநாளே மலையில எங்க சாமிகிட்ட நாங்களும் பூ கேட்டோம்."

"என்னக்கா வந்துச்சு?"

"செவப்புதான்."

"அப்புறம் எதுக்குக்கா மூட்டைய விக்காம வெச்சீங்க? பத்து வீட்டுச் சாமையாச்சே!"

பஸ் உள்ளே திரும்பியது. அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மூணு மாசமா வாரா வாரம் பஸ் ஏறி வந்து எங்க கூட ஒக்காந்து பேசினது நீயா, சாமியா?"

பதிலுக்குக் காத்திராமல் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டார். நான் கீழே நின்று அழுதுகொண்டிருந்தேன். திங்கட்கிழமை லாரி வருகிற நேரத்துக்கு நானும் வந்துவிடுகிறேன் என்று கத்தினேன். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.