வந்துருவா சார்

கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து எனக்கு வயிறு சரியில்லை. காலையில் பையைத் தோளில் மாட்டியதும் அடிவயிற்றில் என்னமோ பிசைய ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, "காலேசுக்காரி கெளம்பியாச்சா?" என்று கேட்டால் இன்னும் கூடும். காலேசுக்காரியாம்! எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான் என்பதில் என்னைத் தவிர எல்லோருக்கும் பெருமை.

சேர்ந்தது இயற்பியல். ஆசைப்பட்டுச் சேர்ந்தேன் என்று சொன்னால் அது பொய். பொட்டிபுரத்து மலையைக் குடைந்து ஏதோ ஆராய்ச்சிக்கூடம் வரப்போகிறது, வந்தால் இந்தப் படிப்புக்கு உள்ளூரிலேயே வேலை என்று அம்மாவிடம் யாரோ வேலைக்குப் போகிற ஜீப்பில் சொல்லியிருக்கிறார்கள். வரும், வராது என்று ஊரே பேசிப் பேசிச் சலித்துவிட்ட சங்கதி அது. அம்மா மட்டும் அது வந்தே தீரும் என்று முடிவுசெய்து, என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். முதல் நாளே பாடம் முழுக்க இங்கிலீஷில் ஓடியது. தமிழில் படித்து நல்ல மார்க் வாங்கியிருந்த எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டமாதிரி இருந்தது. நிஜமாகவே காட்டில் விட்டிருந்தால்கூட எனக்கு வழி தெரிந்திருக்கும்.

ஏனென்றால் காடு எனக்குப் பழக்கம். அம்மா போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்குத் தினமும் ஜீப்பில் போய்வருகிறவள். பிளஸ் டூ பரீட்சை முடிந்த விடுமுறையில் நானும் களை எடுக்கக் கூடப் போனேன். விடிவதற்கு முன்பே ஜீப்பு வந்து நிற்கும். டிரைவர் அண்ணன் ஆள் எண்ணுவார். ஒருத்தி குறைந்தால் வண்டியைக் கிளப்பப் பார்ப்பார். அப்போது உள்ளேயிருந்து யாராவது, "வந்துருவாண்ணே, செத்த நில்லுங்க" என்று குரல் கொடுத்தால் ஜீப்பு நிற்கும். ஆனால் அதன்பிறகு சொன்னவள்தான் பொறுப்பு. வராதவளுக்கான ஏச்சையும் அவள்தான் வாங்க வேண்டும், இறங்கிப் போய்க் கதவைத் தட்டி அவளை இழுத்துவருவதும் அவள் வேலைதான். பக்கத்தில் உட்காருகிறவளுக்காக ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டால், மறுநாள் அந்த ஜீப்பில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மலைமேல் பூப்பாறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், வேலைக்காரர்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து வந்தவள். ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அவளுக்குப் போடி வெயிலும் ஒத்துக்கொள்ளவில்லை, ஹாஸ்டல் சோறும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் சந்தேகம் கேட்க எழுந்தவள், மலையில் மலையாளம் கலந்து கூப்பிடுகிற பழக்கத்தில் பேராசிரியரை "சாரே" என்று கூப்பிட்டுவிட்டாள். பின்பெஞ்சுப் பையன்களுக்கு அது போதாதா? அன்றிலிருந்து அவள் உள்ளே வந்தால் "சாரே", வெளியே போனால் "சாரே". எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி நின்று, "ஒங்க வீட்டுல அக்கா தங்கச்சி இல்லையாடா?" என்று கத்தினேன். மறுநாள் எனக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அதை இங்கே எழுத மாட்டேன்.

அவளிடம் நான் பெரிய தைரியசாலி. "ஒரு மாசம் பொறு, எல்லாம் பழகிப்போகும்" என்று கிழவிமாதிரி சொல்லுவேன். அந்த வகுப்பில் என்னைப்போலவே ஒன்றும் புரியாமல் விழித்த முகம் அவளுடையது ஒன்றுதான். அவள் இருக்கிறவரைக்கும்தான் நான் இருப்பேன், அவள் போய்விட்டால் அந்த வாசற்படி ஏற எனக்குக் கால் வராது என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், "தலை வலிக்குது, ரூமுக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். மணி அடித்தது, பேராசிரியர் வந்தார், அவள் வரவில்லை. வருகை எடுக்க ஆரம்பித்தார். அவள் எண்ணைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

"வந்துருவா சார், செத்த நில்லுங்க."

வகுப்பு முழுக்க ஒரே சிரிப்பு. ஒருவன் பெஞ்சைத் தட்டினான். பேராசிரியர் பேனாவை மூடினார்.

"நிக்கிறேம்மா. எம்புட்டு நேரம் நிக்கணும்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் உட்காரத் தோன்றவில்லை.

"இல்ல சார்... கண்டிப்பா வந்துருவா."

"வரலேன்னா? ஒனக்கும் சேத்து ஆப்சென்ட் போட்டுரவா?"

"போடுங்க சார்."

ஜீப்பில் அதுதானே நியாயம்? சொன்னவள் பொறுப்பு. அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார். அந்த ஒரு மணி நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்தேன். கதவைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. பாதி வகுப்பு போன பிறகுதான் அவள் இடத்தில் பை இல்லாததைக் கவனித்தேன். தலைவலிக்காரி எதற்குப் பையை எடுத்துக்கொண்டு போனாள்?

வகுப்பு முடிந்ததும் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். ஹாஸ்டலுக்கு ஓடினேன். அவள் அறையில் இருந்த பெண், "துணிமணியெல்லாம் எடுத்துக்கிட்டு அப்பவே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டாளே" என்றாள். அடுத்த வகுப்பு இருப்பது அப்போது நினைவுக்கே வரவில்லை. கழுத்தில் தொங்கிய கல்லூரி அட்டையோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

பூப்பாறை வழியாக மூணாறு போகிற பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலோரம் பையை மடியில் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள். ஏறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எறங்குடி. நான் வந்துருவான்னு சொல்லிட்டேன்."

"யாரு ஒன்னையச் சொல்லச் சொன்னா?"

"சொல்லிட்டேன்ல? வெரசா எறங்கு."

"என்னால முடியலடி. ராத்திரியெல்லாம் நெஞ்சு அடச்சுக்குது."

எனக்கும் அப்படித்தான் அடைக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், பஸ் நகர்ந்துவிட்டது. விசில் அடிக்கச் சொல்லி நான் இறங்கியிருக்கலாம். கண்டக்டர் வந்து கேட்டபோது, "முந்தல் ஒண்ணு" என்று டிக்கெட் வாங்கினேன். முந்தல், மலை ஏற்றம் தொடங்குகிற அடிவாரம். அதற்குள் அவளைப் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் வழியாக மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. ஆரம்பித்த நாளிலிருந்து பிசைந்துகொண்டிருந்த வயிறு அப்போதுதான் முதல்முறையாக அடங்கியிருந்தது. அது தெரிந்ததும் எனக்குப் பயமாகிவிட்டது.

முந்தல் செக்போஸ்டில் பஸ் நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. அவள் திரும்பி என் முகத்தையே பார்த்தாள்.

"நீ என்னைய எறக்க வந்தியா, இல்ல நீயும் என்கூட வர்றியா?"

மேலே போய், தோட்டத்தில் நாளைக்கே ஆள் சேர்த்துக்கொள்வார்களா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதை எப்படிச் சொல்வேன்?

அவளுக்குப் புரிந்துவிட்டது. பையைத் தூக்கித் தோளில் போட்டாள், என் மணிக்கட்டைப் பிடித்தாள், தரதரவென்று இழுத்துக்கொண்டு படியில் இறங்கினாள்.

"ஒன்னையக் கொண்டுபோயி எங்கடி வைக்க? எங்க லயத்துல கால் நீட்டவே எடமில்ல" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். அப்புறம் அவளும் அழுதாள், நானும் அழுதேன். எங்களை விட்டுவிட்டுப் பஸ் மலையேறிப் போனது.

திரும்பிப் போக ஒரு வண்டியும் கிடைக்கவில்லை. மாலை வேலை முடிந்து தோட்டத்து ஜீப்புகள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. எல்லாம் ஆள் பிதுங்கி வந்தன. அதில் ஒன்று எங்களைத் தாண்டிப் போய் நின்றது. பின்பக்கம் தலையில் துண்டும் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டையுமாக உட்கார்ந்திருந்தது என் அம்மா.

அம்மா என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். பிறகு மலையைப் பார்த்தாள்.

"காலேசு விட்டாச்சா?"

"இல்லம்மா."

"பெறகு இங்க என்ன சோலி?"

வழியில் ஏதாவது பொய் தயாரித்து வைத்திருக்கலாம். ஒன்றும் தோன்றவில்லை. "பயமா இருக்கும்மா. ஒண்ணுமே வெளங்கல. ஒன்கூட வேலைக்கே வந்துருறேன்" என்றேன். அத்தனை பேர் முன்னால்.

அம்மா ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் தேவலை. அவள் ஒடுங்கி உட்கார்ந்து இடம் விட்டாள். மற்றவர்களும் நெருக்கி உட்கார்ந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஏறி, யார் யார் மடியிலோ பாதியாக உட்கார்ந்தோம். ஏலக்காய் வாசமும் பூச்சிமருந்து வாடையும் வியர்வையும் சேர்ந்து அடித்தது. ஜீப்பு கிளம்பிய பிறகு அம்மா என் காதருகே வந்தாள்.

"இந்த ஜீப்புல நீ ஏறுறது இதான் கடைசி. கேட்டுச்சா?"

குரல் உடைந்திருந்தது. அம்மாவுக்கு அப்படிக் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. பாதாளம் தெரிகிற வளைவிலெல்லாம் கூசாமல் சிரித்துப் பேசிக்கொண்டு வருகிறவள், நான் அன்று இறங்கி நின்ற அந்த ஒரு இடத்தைப் பார்த்து என்னைவிடப் பயந்திருக்கிறாள். நான் தலையை ஆட்டினேன். அம்மா என் தோழியின் பக்கம் திரும்பி, "ஒனக்குந்தான் சொல்றேன்" என்றாள்.