கரும்பைத் தின்று கரும்புக்கு இறைத்த மாடுகள்

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் கரும்புத் தோட்டத்தைப் பார்க்கப் பௌரிங்பேட்டைப் பக்கம் போனேன்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை குப்பம்மாளின் கணவர், முனுசாமி. நம் தங்கவயலில் ஒரு சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பக்கத்தில் நின்றவர் மேல் பாறை விழுந்ததைக் கண்ணால் கண்ட பிறகு, "இனிமே நீங்க சுரங்கத்துல எறக்கற அந்த கேஜ்ல ஏறக்கூடாது" என்று தங்கை ஒரே பிடியாக நின்றாள். குத்தகைக்கு நிலம் பிடித்தார்கள். இந்த ஒரு வெள்ளாமை தேறினால் போதும்... சுரங்கத்துக்கு ஒரேயடியாக முழுக்கு!

கரும்பு நன்றாகத்தான் வந்தது. பங்குனியில் ஏரி வற்றிக் காலை வாரிவிட்டது.

கோடையில் கூடுதலாக நாலு தண்ணீர் விட்டால் வெல்லம் கொட்டும் என்று நிபுணர்கள் எழுதுகிறார்கள். அந்தத் தண்ணீரை இறைக்கும் மாடு என்ன தின்னும் என்று எவராவது எழுதுகிறாரா?

கிணற்றில் தண்ணீர் இருந்தது. ஆனால் சுற்றுவட்டாரத்து மாடெல்லாம் சுரங்கத்து பாய்லருக்கு விறகு இழுக்கப் போய்விட்டன. வைக்கோலும் அவற்றின் பின்னாலேயே போய்விட்டது. கடைசியில் ஒரு வண்டிக்காரர் இரண்டு ஜோடி தந்தார் — வாடகை போக, தீனியும் மாப்பிள்ளை பொறுப்பு என்ற பேச்சோடு.

நான் போனபோது அந்த மாடுகள் வரப்பில் நின்று முழுக் கரும்பாக மென்றுகொண்டிருந்தன.

"இன்னா மாப்ளே இது?"

"மொதல்ல கரும்புச் சோகைதான் போட்டேன் மச்சான். அது தீந்துபோச்சு. மாடு தின்னலன்னா தண்ணி வராது. தண்ணி வரலன்னா கரும்பு காஞ்சிடும்."

"கரும்பையே தின்னுதே?"

"தின்னாம எப்படி இறைக்கும்?"

யோசித்துப் பாருங்கள், எங்கே தப்புக் கண்டுபிடிப்பீர்கள்? நிறுத்தினால் இதுவரை இறைத்ததெல்லாம் வீண். நிறுத்தாவிட்டால் கரும்பு காலி. சுரங்கக் கம்பெனியும் இப்படித்தான் விறகை எரித்துச் சம்பாதித்து, மறுபடி விறகு வாங்குகிறது. அதற்குப் பெயர் பொருளாதாரம்! ஏனென்றால் அவர்களுக்கு அடியில் தங்கம் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு அடியில் களிமண்.

வியாழக்கிழமை வண்டிக்காரர் வந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கரும்பு தின்ற உடம்பு, பளபளவென்று இருந்ததாம். விறகு வண்டியில் இன்னும் நல்ல வாடகை கிடைக்கும் அல்லவா? மிஞ்சிய கரும்பு ஒரு கொப்பரை வெல்லம் காய்ச்சக்கூடப் போதவில்லை.

மறுநாள் தங்கை ஆண்டர்சன்பேட்டைக்கு, என் வீட்டுக்கு வந்தாள். அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மாட்டுக்குக்கூட மேலதான் வேலை கெடைச்சுது. இவரு மட்டும் கீழ எறங்கணுமாண்ணா?"

இன்று காலை ஷிப்டில் மாப்பிள்ளை இறங்கிவிட்டார்.